எஸ்தர் அக்காவின் கூப்பிடு எண்கள்

பஞ்சாலைக் காலனியில் எஸ்தர் அக்கா முதல் தடவையாக நின்றுபோனது ஆனி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், காலை ஒன்பதரை மணிக்கு, தண்ணீர்க் குழாயடியில். கிழக்கு வரிசையிலிருந்து தவசியின் பெண்டாட்டி மாரிக்கனி "எக்கா" என்று கூப்பிட, மேற்கு வரிசையிலிருந்து சூப்பர்வைசர் கந்தவேல் "எக்கா" என்று கூப்பிட, இரண்டு கூப்பாடும் ஒரே நொடியில் வந்து காதில் விழுந்ததில் அவள் அந்தப் பக்கமும் திரும்பாமல் இந்தப் பக்கமும் திரும்பாமல் பால் தூக்குவாளியோடு நின்றாள், நின்றவள் நின்றவள்தான். மூச்சு வந்துபோனது, கண் திறந்திருந்தது, முந்தானை காற்றில் ஆடியது, ஆனால் ஆள் அங்கே இல்லை.

ஆச்சரியப்பட்டுக்கொண்டு நிற்க யாருக்கு நேரம்? பத்து மணி ஷிப்டுக்குச் சங்கு ஊதப் போகிறது. தண்ணீர் வரிசை அவளைச் சுற்றிக்கொண்டு வளைந்து போனது, வெயில் ஏறியதும் யாரோ ஒரு குடையை விரித்து அவள் தோளில் சாய்த்துவிட்டுப் போனார்கள், அவள் வீட்டுக்குத்தானே போகணும் என்று கீரைக்காரி ஒரு கட்டு முருங்கைக்கீரையை அவள் மணிக்கட்டில் மாட்டிவிட்டுப் போனாள். பதினோரு மணிக்கு மேல்தான் எல்லாருக்கும் உறைத்தது. மில் மருந்தகத்துக்கு டாக்டர் வருவது வாரத்தில் ஒரு நாள், டவுன் ஆஸ்பத்திரி இருபத்திரண்டு மைல், மற்றபடி காய்ச்சலுக்கும் பிரசவத்துக்கும் வலிப்புக்கும் வாய்த்தகராறில் மண்டை உடைந்ததற்கும் காலனிக்கு இருந்த ஒரே நர்ஸ் எஸ்தர் அக்காதான், அவள் இப்படி மரம் மாதிரி நின்றுவிட்டால் நாளைக்கு நம்ம கதி என்ன?

அப்போதுதான் தொழிலாளர் மன்றத்து அறையிலிருந்து சுடர்க்கொடி வந்தாள். இருபத்தொன்பது வயது, கல்யாணமாகாதவள், அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தபின் தங்கச்சி இளமதியைக் கட்டிக்கொடுத்துவிட்டு, மில்காரர்கள் தொழிலாளர் பிள்ளைகளுக்காக வாங்கி வைத்த ஒற்றைக் கம்ப்யூட்டரைக் கட்டி மேய்க்கிறவள். அந்த வாரம் பூராவும் அவளுக்கு அந்தப் பெட்டியோடுதான் மல்லுக்கட்டு. ஏற்கனவே பாட்டுப் பாட ஒரு சவுண்ட் கார்டு இருந்தது, புதிதாக டெலிபோன் லைனுக்கு ஒரு மோடம் கார்டைச் செருகினாள், செருகியதிலிருந்து பெட்டி பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் திரையை விரித்தபடியே அசைவில்லாமல் நின்றது. என்ன விஷயம் என்றால், பெட்டிக்குள் செருகுகிற ஒவ்வொரு அட்டைக்கும் நடுவிலிருக்கிற மூளையைக் கூப்பிட ஒரு எண் வேண்டும், மூளை செய்துகொண்டிருக்கிற வேலையை அப்படியே வைத்துவிட்டு அந்த எண்காரன் என்ன கேட்கிறான் என்று பார்த்துவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடரும். இரண்டு அட்டைகள் ஒரே எண்ணில் கூப்பிட்டால் கூப்பிட்டது யாரென்று தெரியாமல் திகைத்து நின்றுவிடும். அட்டையில் வரிசையாக ஊசிகள் நிற்கும், உளுந்து அளவில் ஒரு கறுப்புத் தொப்பி இருக்கும், ஜம்பர் என்பார்கள், அதை எந்த இரண்டு ஊசிமேல் மாட்டுகிறோமோ அதுதான் அந்த அட்டையின் எண். நான்கு தரம் பெட்டியைத் திறந்து, புருவம் பிடுங்குகிற இடுக்கியால் தொப்பியை மாற்றி மாற்றி மாட்டி, அன்று காலையில்தான் பெட்டியைப் பேச வைத்திருந்தாள்.

எஸ்தர் அக்காவைப் பார்த்ததுமே சொல்லிவிட்டாள்.

"இது மயக்கமில்ல, காத்துக்கருப்புமில்ல. ரெண்டு பேரு ஒரே எண்ணுல கூப்பிட்டிருக்கீக. நாம எல்லாருந்தான் 'எக்கா எக்கா'ன்னு ஒரே மாதிரி கத்துதோம், அவ யாரைன்னு பாப்பா?"

"அதுக்கு இப்ப என்ன செய்யணுங்க?" என்றான் மில் வாட்ச்மேன் தவசி.

"அணைச்சுட்டுப் போடணும்."

மனுஷியை எப்படி அணைப்பது? சுடர்க்கொடி உள்ளங்கையால் எஸ்தர் அக்காவின் கண்களை மூடினாள், பெட்டியை அணைத்தால் பத்து எண்ணிவிட்டுத்தான் போட வேண்டும் என்பது அவள் தொழில் பழக்கம், ஆகவே பத்து எண்ணினாள், கையை எடுத்தாள். எஸ்தர் அக்கா மணிக்கட்டைப் பார்த்தாள். "இந்தக் கீரைய எவ மாட்டினது?" என்றாள்.

அந்த வாரத்தில் மட்டும் ஒன்பது தரம் நின்றாள். ஏழாவது தரம் நின்றபோது ஊசி கந்தவேலின் இடுப்பில் ஏறியிருந்தது, சுடர்க்கொடியைத் தேடிக் கூட்டி வருவதற்குள் கால் மணி நேரம், அந்தக் கால் மணி நேரமும் கந்தவேல் பெஞ்சில் குப்புறப் படுத்துக்கொண்டு காலனியில் யாருக்கும் கேட்கக் கூடாத வார்த்தைகளையெல்லாம் சுவரைப் பார்த்துச் சொன்னார். எழுந்ததும் அவரே போய் மன்றத்துக் கதவைத் தட்டி, "தாயி, என்ன செய்யணுமோ செய்யி, நான் குறுக்க நிக்க மாட்டேன்" என்று கும்பிட்டார்.

சுடர்க்கொடி கணக்காக யோசித்தாள். பெட்டிக்குள் பூஜ்யத்திலிருந்து பதினைந்து வரை பதினாறு எண்தான், அதற்குமேல் ஒன்று போட்டாலும் ஏற்காது. அக்காவுக்கும் அதே கணக்கு, பூஜ்யம் இதயத்துடிப்புக்கு, ஒன்று மூச்சுக்கு, அந்த இரண்டில் கைவைக்கக் கூடாது. மீதி பதினான்கு. தன் வீட்டு வாசலில் நின்றுகொண்டு விரல் விட்டு எண்ணினாள், எஸ்தர் அக்கா வீட்டைத் தள்ளி மொத்தம் பதிமூன்று வாசல். ஒன்று மிச்சம்கூட இருக்கிறது என்று அவளுக்கு ஒரே சந்தோஷம். முதுகுக்குப் பின்னால் இருந்த தன் வாசலை அவள் எண்ணவே இல்லை.

எண் சிறிதானால் முதலில் கேட்கும், பெரிதானால் கடைசியில்தான் கேட்கும். இது தெரிந்ததும் வந்தது பாருங்கள் சண்டை! எனக்கு இரண்டு, எனக்கு மூன்று என்று ஆளாளுக்கு மல்லுக்கு நின்றார்கள். சுடர்க்கொடி இளைப்புக்காரர் வீட்டுக்கும் கைக்குழந்தை வீட்டுக்கும் சின்ன எண்களைக் கொடுத்தாள். வலிப்பு வருகிற மாரிக்கனிக்கு நான்கு கொடுத்தாள். கந்தவேல் வந்து மீசையைத் தடவினார். "உங்களுக்குப் பதினஞ்சு, சார். இருக்கிறதுலயே பெரிய எண்ணு" என்றாள், அவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனார்.

கடைசியாக வந்தவள் கேண்டீனில் சமைக்கிற சண்முகத்தாய். அவளுடைய வீட்டுக்காரன் எட்டு வருஷத்துக்கு முன் திருப்பூருக்குப் போகிறேன் என்று போனவன், போனவன் போனவன்தான். அவள் தன் எண்ணை வாங்கிக்கொண்டும் நகராமல் நின்றாள்.

"அந்த ஆளுக்கும் ஒண்ணு குடு தாயி. அவருக்கு நெஞ்சுவலி உண்டு. வந்த எடத்துல ஒண்ணுன்னா கூப்பிட எண்ணு வேணாமா?"

மிச்சம்தான் ஒன்று இருக்கிறதே. அது ஐந்தாம் எண். சுடர்க்கொடி மகிழ்ச்சியாகக் கொடுத்தாள்.

ஒவ்வொரு நிலைக்காலிலும் இரண்டு மெல்லிய ஆணி, ஆணிகளின் மேல் அந்தந்த எண் பொறித்த ஒரு கறுப்புத் தொப்பி, கூப்பிட வேண்டுமானால் தொப்பியின் மேல் விரலை வைத்தால் போதும். மாட்டிய வீட்டுக்காரர் கையால் கழற்றினால்தான் கழலும், வேறு யார் இழுத்தாலும் வராது. ஆடி மாதம் முதல் வெள்ளி, சண்முகத்தாய் வீட்டில் கடைசித் தொப்பியை மாட்டிவிட்டு சுடர்க்கொடி திரும்பி வரும்போது எஸ்தர் அக்கா எதிரே வந்தாள். அம்மா போனதிலிருந்து வாரத்தில் மூன்று ராத்திரிச் சாப்பாடு சுடர்க்கொடிக்கு அக்கா வீட்டில்தான்.

"ஏட்டி சுடரு, சாயந்தரம் வீட்டுக்கு வா, உனக்கு—"

அவ்வளவுதான். மாரிக்கனி முதல் ஆளாக நான்காம் தொப்பியில் விரலை வைத்தாள். எஸ்தர் அக்காவின் வலது காது மடல் சுண்டியது, பேச்சைப் பாதியில் வைத்துவிட்டு நேராக மாரிக்கனி வீட்டுக்கு நடந்துவிட்டாள்.

அதன்பின் காலனிக்கு நல்ல காலம் என்றுதான் சொல்ல வேண்டும். ஒவ்வொரு எண்ணும் அவள் உடம்பில் ஓர் இடத்தில் சுண்டும், பதினைந்து குதிகாலில், பத்து இடது புருவத்தில், யார் வீடு என்று கேட்காமலே போய் நிற்பாள், பழையபடி மரமாய் நின்றுபோகவில்லை. போட்டது போட்டபடி வைத்துவிட்டுப் போவாள், வைத்த பொருளும் அவளுக்காகக் காத்திருக்கும். பொங்கின பால் பாத்திரத்தின் விளிம்பில் வந்து நுரையோடு அப்படியே நிற்கும், அவள் ஒரு பிரசவத்தைப் பார்த்துவிட்டு வந்து அடுப்பை அணைத்த பிறகுதான் தணியும். "இந்த உப்பு கொஞ்" என்று விட்டுவிட்டு மூன்று மணி நேரம் கழித்து வந்து "சம் கூடிப்போச்சு" என்பாள், கேட்டுக்கொண்டிருந்தவர் இடையில் ஷிப்டுக்குப் போய்விட்டு வந்திருப்பார். ஜனங்கள் பழகிக்கொண்டார்கள். அவள் வீட்டுப் பின்சுவரில் மட்டும் ஆடியிலிருந்து பகலும் ராவும் ஏழெட்டுப் பூனைகள் உட்கார்ந்திருந்தன, எதற்கென்று யாருக்கும் தெரியவில்லை. எஸ்தர் அக்காவும் சில நேரம் இடது முழங்கையைத் தடவிப் பார்த்து, "எல்லா எடமும் சுண்டுது, இந்த முழங்கை மட்டும் சும்மாவே கெடக்கு" என்பாள். அது ஐந்தாம் எண்.

எல்லாருக்கும் நல்ல காலம், எண்களைப் பிரித்துக் கொடுத்தவளுக்கு மட்டும் இல்லை. முதல் நாள் சாயந்தரமே சுடர்க்கொடி தலைவாரிப் பூ வைத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனாள். எஸ்தர் அக்கா முன்வாசலில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். "எக்கா" என்றாள். அக்கா அடுத்த பூண்டை எடுத்தாள். "எக்கா, வரச்சொன்னியே." அக்கா தோலைக் கூட்டி அள்ளினாள், சுடர்க்கொடியின் காலைச் சுற்றிக் கூட்டினாள், ஒரு தூணைச் சுற்றிக் கூட்டுகிற மாதிரி. அப்போதுதான் சுடர்க்கொடி திரும்பித் தன் வாசலைப் பார்த்தாள். ஆணியும் இல்லை, தொப்பியும் இல்லை. அடிப்பாவி, என்ன காரியம் பண்ணினாய் என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

எண் இல்லாத வீட்டு மனுஷர் எஸ்தர் அக்காவின் கண்ணுக்கு மனுஷரே இல்லை. மற்றவர்கள் தங்கள் எண்ணில் கூப்பிட்டு, "சுடரு வீட்ட விட்டுட்டோங்கா" என்று சொல்லிப் பார்த்தார்கள், அந்த வார்த்தை வரும் இடத்தில் அவள் சும்மா பார்த்துக்கொண்டிருப்பாள், சொல்கிறவர் மூச்சு வாங்க நிறுத்தியதுபோல. சுடர்க்கொடி தன் வாசலில் ஆணி அடித்து மாரிக்கனியின் நான்கையே தானும் வைத்துப் பார்த்தாள், மாரிக்கனி கூப்பிட்ட நேரமும் அவள் கூப்பிட்ட நேரமும் ஒன்றாகப் போய், அக்கா கைப்பிள்ளையைத் தோளில் போட்டபடி நடுத்தெருவில் நின்றுவிட்டாள். பிடுங்கி எறிந்தாள். யாரிடமாவது எண்ணைத் திருப்பிக் கேட்கலாம்தான். சண்முகத்தாய் வெள்ளிக்கிழமைதோறும் அந்த ஐந்தாம் தொப்பிக்கு மஞ்சள் வைப்பதைப் பார்த்திருக்கிறாள், எந்த வாயால் கேட்பாள்? ராத்திரி தனியாகக் கஞ்சியைக் குடித்துவிட்டுப் படுத்தால் ஒன்றே ஒன்றுதான் மனசில் ஓடும். சாயந்தரம் வா, உனக்கு. எனக்கு என்ன? எனக்கு என்ன சொல்ல வந்தாள்?

ஆவணியில் இளமதி தலைப்பிரசவத்துக்குச் சுடர்க்கொடி வீட்டுக்கு வந்தாள், தாய் வீடு என்று அவளுக்கு வேறு எது இருக்கிறது? நாள் புரட்டாசிக் கடைசி என்று டவுன் டாக்டர் சொல்லியிருந்தார், அதற்கு ஒரு வாரம் முன்னே ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடலாம் என்று சுடர்க்கொடி தைரியமாக இருந்தாள். புரட்டாசி இரண்டாம் வியாழன் மத்தியானம் மூன்று மணிக்கு வலி வந்துவிட்டது.

மில் ஆபீஸிலிருந்து போன் போட்டார்கள், வண்டி வர ஒன்றரை மணி நேரம் ஆகும் என்றார்கள். "நம்ம வீட்டுக்குத் தூக்கிட்டு வாங்கடி" என்று மாரிக்கனி கத்தினாள். நாலு பேர் கயிற்றுக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு போனார்கள், மாரிக்கனி தொப்பியில் விரலை வைத்தாள், ஒரு நிமிஷத்தில் எஸ்தர் அக்கா பையோடு வந்து நின்றாள். கட்டிலைப் பார்த்தாள். இளமதி வலி தாங்காமல் பல்லைக் கடித்துக்கொண்டு அவள் முகத்தையே பார்த்தாள்.

"வெறுங்கட்டிலப் போட்டு வச்சிக்கிட்டு எதுக்குடி கூப்பிட்டே மாரி? அங்க ரெண்டு பிள்ளைக காய்ச்சல்ல கெடக்கு" என்று சொல்லிவிட்டு எஸ்தர் அக்கா போயே போய்விட்டாள்.

"நம்ம வீட்டுக்கே போயிரலாம்க்கா" என்று இளமதி அழுதாள், திரும்பத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வந்து படுத்த கொஞ்ச நேரத்தில் மாரிக்கனி சேலையை விலக்கிப் பார்த்துவிட்டு முகம் வெளிறி வெளியே வந்தாள். "தல வரல. காலு தெரியுது. எனக்குத் தல வந்தாப் பாக்கத் தெரியும், இது எஸ்தரு வந்தாத்தான்."

வாசலில் காலனியே கூடிவிட்டது. யாராவது ஒருத்தர் தன் எண்ணைக் கழற்றிக் கொடுத்தால்தான் உண்டு. இளைப்புக்காரர் தரையைப் பார்த்தார், கைப்பிள்ளைக்காரி பிள்ளையை இறுக்கிக்கொண்டாள், அவர்களைக் குற்றம் சொல்லவும் முடியாது. கந்தவேல்தான் முன்னே வந்தார். "என் பதினஞ்ச எடுத்துக்க தாயி, நான் வேணா கழட்டித் தாரேன்" என்றார். பாவம் மனுஷன், உண்மையாகத்தான் சொன்னார். ஆனால் பதினைந்துதான் எல்லாருக்கும் கடைசியில் கேட்கிற எண், ஊரெல்லாம் காய்ச்சலாய்க் கிடக்கிற நாளில் அது கேட்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். சுடர்க்கொடி வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். "நானே குடுத்தேன், எல்லாத்தையும் நானே குடுத்தேன்" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

அந்த நேரம் கேண்டீனிலிருந்து மாவுக் கையோடு சண்முகத்தாய் வந்தாள். உள்ளே இளமதியின் சத்தம் கேட்டது. யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. நேராகத் தன் வீட்டுக்கு நடந்தாள், கூட்டம் பின்னாலேயே போனது. நிலைக்காலில் அவளுடைய தொப்பி ஒன்று, கீழே மஞ்சள் பூசிய தொப்பி ஒன்று, உள்ளே கொடியில் எட்டு வருஷமாகத் தொங்குகிற கட்டம் போட்ட சட்டை. அந்தச் சட்டையை ஒரு தரம் பார்த்தாள். பிறகு மாவுக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு மஞ்சள் தொப்பியை இரண்டு விரலால் பிடித்துச் சுண்டினாள், கையோடு வந்தது.

"சண்முகத்தாயக்கா, அவரு வந்தா..." என்றாள் சுடர்க்கொடி.

"வந்தா வாயத் தெறந்து என்னியக் கூப்பிடட்டும்டி, வாயி இல்லியா அந்த ஆளுக்கு? எஸ்தர நான் கூப்பிட்டுக்கிடுதேன்" என்று சொல்லித் தொப்பியை அவள் உள்ளங்கையில் வைத்து மூடினாள். "போ. நிக்காத, ஓடு."

சுடர்க்கொடி ஓடினாள். ஆணி அடித்தது தவசி, அவசரத்தில் ஒரு ஆணி வளைந்தது, இன்னொன்று அடித்தான். சுடர்க்கொடி தொப்பியை மாட்டி விரலை வைத்து அழுத்தினாள், நகம் வெளுக்கிற அளவுக்கு அழுத்தினாள்.

தெருக்கோடியில் ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் பார்த்து முடித்துத் தெர்மாமீட்டரை உதறிக்கொண்டிருந்த எஸ்தர் அக்காவின் இடது முழங்கை முதல்தடவையாகச் சுண்டியது. "அட, அஞ்சு" என்றாள். பையை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று வந்தாள், கூட்டத்தை விலக்கிக்கொண்டு சுடர்க்கொடியின் வாசலில் ஏறினாள், கட்டிலில் இளமதியைப் பார்த்தாள், பார்த்துவிட்டாள்!

"எம்மா, காலா வருது? பயப்படாத கண்ணு, நான் வந்துட்டேன்ல. மாரி, வெந்நி. சுடரு, தலமாட்டுல உக்காந்து அவ கையப் பிடி. நான் சொல்லும்போது முக்கணும், சொல்லாம முக்கக் கூடாது, கேட்டியா?"

இரண்டு மாதம் கழித்து அக்கா வாயால் தன் பெயரைக் கேட்ட சுடர்க்கொடிக்குக் கண்ணை மறைத்தது, ஆனால் அழ அது நேரமில்லை. நாற்பது நிமிஷம். கால் வந்தது, இடுப்பு வந்தது, ஒரு கை மாட்டிக்கொண்டது, எஸ்தர் அக்கா "இரு, இரு, இரு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு விரலை உள்ளே விட்டுக் கையை வழித்து எடுத்தாள், கடைசியில் தலை வந்தது. பெண்பிள்ளை. முதலில் சத்தமில்லை. அக்கா தலைகீழாகப் பிடித்து முதுகில் இரண்டு தட்டுத் தட்டினாள், அது அழுத அழுகையில் வாசலில் நின்ற காலனியே "அப்பாடா" என்று ஒரே மூச்சாக விட்டது. கந்தவேல் யாரென்று பார்க்காமல் பக்கத்தில் நின்ற தவசியைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். சண்முகத்தாய் மட்டும், "சரி சரி, ராத்திரிச் சோத்துக்கு உலை வைக்கணும்" என்று மூக்கைச் சிந்திக்கொண்டே கேண்டீனுக்குப் போனாள். டவுன் வண்டி வந்து சேர்ந்தபோது அந்த டிரைவருக்கு வாயில் சீனி போட்டு அனுப்பினார்கள்.

எஸ்தர் அக்கா கொல்லையில் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள், முழங்கைவரைக் கழுவினாள், முந்தானையில் துடைத்தாள். வாசலுக்கு வந்தாள். ஐந்தாம் எண் வேலை முடிந்துவிட்டது, இனி விட்ட இடத்துக்குப் போக வேண்டும். சுடர்க்கொடி படியில் உட்கார்ந்திருந்தாள். அவளைப் பார்த்து எஸ்தர் அக்கா, ஆடி முதல் வெள்ளியில் வைத்துவிட்டுப் போன இடத்திலிருந்து பேச்சை எடுத்தாள்.

"—சாள மீன் கொழம்பு வச்சிருக்கேன். ஆறிப்போறதுக்குள்ள வந்து சாப்பிடு."

சுடர்க்கொடிக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்கச் சிரிக்க அழுகை வந்தது. இதற்காகவா, இந்த மீன் குழம்புக்காகவா நான் அறுபது எழுபது ராத்திரி தூக்கம் கெட்டேன்! "என்னட்டி, பைத்தியமா பிடிச்சிருக்கு?" என்று எஸ்தர் அக்கா அவள் கையைப் பிடித்து எழுப்பிக் கூட்டிக்கொண்டு போனாள். பின்சுவரில் பூனைகள் எழுந்து நின்றன. அடுப்படியில் மண்சட்டி இருந்தது, மூடியைத் திறந்ததும் புளியும் வெந்தயமும் மணக்க ஆவி குப்பென்று மேலே வந்தது. எஸ்தர் அக்கா தட்டில் சோற்றைப் போட்டு, குழம்பை ஊற்றி, இரண்டு சாளையை எடுத்து ஓரத்தில் வைத்தாள். சுடர்க்கொடி அவசர அவசரமாகப் பிசைந்து ஒரு வாய் எடுத்து வைத்தாள், நாக்குச் சுட்டுவிட்டது.

"மெதுவாத் தின்னுட்டி" என்றாள் எஸ்தர் அக்கா, எதிரே காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு. "இப்ப யாரும் கூப்பிடல."